அடியிலிருந்து இரண்டாவது அடுக்கு

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவனாகிய நான், மிகுந்த மரியாதையுடனும், ஒரு வாரமாக நிமிராத தலையுடனும் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை அறிய ஆவல். 'அனைவரும் நலம்' என்பதை வழக்கமான வாசகம்தானே என்று தாண்டிப் போய்விட வேண்டாம். அதில் உங்கள் அப்பாவும் அடக்கம். அவருக்கு ஒன்றுமில்லை. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் உங்கள் அக்கா அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு ரொம்ப ஆழமா போயிடுச்சாம்டா, உடனே கிளம்பி வா" என்று சொன்னதும், வருடக்கணக்கில் 'அடுத்த லீவுக்குக் கண்டிப்பாக வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்கள் அன்றே, இடம் கிடைத்த முதல் தேதியான மாதக் கடைசிக்கு டிக்கெட் எடுத்ததும், உங்கள் மேலதிகாரியிடம் சண்டை போட்டு விடுப்பு வாங்கியதும், ஆக இத்தனைக்கும் காரணம் நான் ஒருவன்தான். நேற்று அவள் உங்களிடம், "பயப்பட ஒண்ணுமில்லை, எல்லாம் சரியாயிடுச்சு, என்ன நடந்துச்சுன்னு பண்ணின ஆளே எழுதுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாளாம். அந்தப் பண்ணின ஆள் எழுதுகிறேன். நானும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

நான் ஸ்பானிஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எதை மொழிபெயர்க்கிறேன் என்பது தெரியாது. நீங்கள் கேட்டதில்லை, யாரும் கேட்டுவிடாதபடி நானும் நடந்துகொண்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு உங்கள் வீட்டில் 'மாப்பிள்ளை அயல்மொழி அறிஞர்' என்று யாரோ சொன்னார்கள். நான் காபியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். உண்மை என்னவென்றால் நான் மொழிபெயர்ப்பது தண்ணீர் பம்புகளின் கையேடுகளை. வால்வு, வாஷர், பேரிங், கசிவு, துரு. இத்தனை வருடமாக இவைதான் என் இலக்கியம். ஸ்பானிஷில் 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன். 'மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாமா, அதாவது உங்கள் அப்பா, கப்பலில் இயந்திர அறை வேலையை முடித்துக்கொண்டு வந்த கடைசிப் பயணத்தில், அவர் முதுகிலிருந்த மச்சம் ஒன்று கறுத்துப் பெருத்துக்கொண்டிருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்று கப்பல் டாக்டர் சொல்லி, ஸ்பானிஷ் பேசும் ஏதோ ஒரு துறைமுகத்தின் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்களே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்திரி, ஒரு பரிசோதனை அறிக்கை ஆகியவற்றோடு வீடு வந்து சேர்ந்தார். அறிக்கை முழுக்க ஸ்பானிஷ். அதை இங்கே இருக்கும் தோல் டாக்டரம்மாவிடம் கொண்டு போனால் அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இங்கிலீஷ்ல கொண்டு வாங்க. விஷயம் தெரிஞ்சவங்களாப் பார்த்துக் கொடுங்க. எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்குங்கறதுதான் முக்கியம், அதை வெச்சுத்தான் மேற்கொண்டு வெட்டணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்" என்றார். உங்கள் அக்காவும் மருத்துவ மொழிபெயர்ப்புக்கென்றே இருக்கும் ஒரு நிறுவனத்தின் முகவரியைத் தேடி எடுத்துவிட்டாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனுக்கு மாமனார் முன்னால் தலை நிமிர இப்படி ஒரு சந்தர்ப்பம் அடிக்கடி வராது. "வீட்டில் ஒரு ஆள் இருக்கும்போது வெளியில் கொடுப்பார்களா" என்று கேட்டேன். மாமாவும், "மாப்பிள்ளையே பண்ணட்டும்மா, அவரு படிக்காததா" என்றார். அந்த வார்த்தையை நம்பி நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தபின்தான் தெரிந்தது, மனிதனின் தோல் என்பது வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே அடுக்கு அடுக்காகப் போகிறது. அடுக்கு என்பதற்கு அவர்கள் எழுதியிருந்த சொல் எங்கள் கையேடுகளிலும் வரும். அங்கே அதற்குப் பெயிண்ட் பூச்சு என்று பொருள். பழக்கதோஷத்தில் முதல் பக்கம் முழுவதும் அப்படியே போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு ஒரு கோட் பிரைமரும் அதன் மேல் நான்கு கோட் பெயிண்டும் அடித்திருந்தது. அதை அடித்துவிட்டு அகராதியை எடுத்தேன். தோலின் ஆக மேலே இருக்கும் படலத்துக்கு 'கோர்னேயோ' என்று பெயர். அகராதி அதற்குக் கொம்பு போன்றது என்று பொருள் சொன்னது. அடுத்தடுத்த படலங்களில் ஒன்று 'எஸ்பினோசோ'. முள் நிறைந்தது என்று பொருள். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதியது என் தவறு. உங்கள் அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னா எழுதுறீங்க?"

"உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறதாம். உனக்கும் இருக்கிறது."

"எனக்கா?"

"கொம்புக்குக் கீழே முள்ளும் இருக்கிறது" என்று சொன்னேன். அறிவியலைத்தான் சொன்னேன். அன்றைக்கு என் தட்டில் விழுந்த சாப்பாட்டின் அளவைப் பார்த்தபோது அது அறிவியலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று புரிந்தது.

இனி நடந்ததுதான் முக்கியம், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அறிக்கையில் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'இன்னாரின் நிலை, இரண்டு' என்று இருந்தது. அந்த இன்னார் யாரோ ஒரு டாக்டர், அவர் பெயரில் ஏதோ கணக்கு. எனக்கு அப்போது அது தெரியாது. எங்கள் தொழிலில் கையேட்டின் நடுவே கம்பெனிப் பெயர் வந்தால் எடுத்துவிடச் சொல்லுவார்கள். இதுவும் அந்த மாதிரி விளம்பரம்தான் என்று நினைத்துப் பெயரை எடுத்துவிட்டேன். மீதி இருந்தது 'நிலை இரண்டு' மட்டும். வெறும் இரண்டு என்று எழுதிக் கொடுத்தால் டாக்டரம்மாவுக்கு எப்படிப் புரியும், பாவம், படித்த பெண், அவர் குழம்பக்கூடாது என்று, கையேடுகளில் போடுவதைப் போல ஒரு பாகங்களின் பட்டியலைச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். இந்த நேரத்தில்தான் மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"படம் இல்லாத பட்டியலைப் படிச்சு எந்த மெக்கானிக்குக்குப் புரியும்? தாளைக் கொடுங்க, நான் போட்டுத் தரேன்" என்றார்.

அவர் வரைந்த படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தன் சொந்தத் தோலைக் குறுக்கே வெட்டி, அளவுகோல் வைத்து, கோடு பிசகாமல், ஒவ்வொரு அடுக்கையும் ஒவ்வொரு விதமாகக் கட்டம் போட்டு நிரப்பியிருந்தார். கீழே கொழுப்பு. அதற்கு மேலே வலை மாதிரிப் பின்னிக்கொண்டிருக்கும் தடித்த உள்தோல். அதற்கு மேலே மொட்டு மொட்டாக நிற்கும் மெல்லிய உள்தோல். இப்படியே போய் உச்சியில் நம் கொம்பு. இனி எண் போட வேண்டும். நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. பம்பு என்றால் எண் ஒன்று அடித்தட்டு, அதாவது பேஸ் பிளேட். தரையில் அதை வைத்து, மட்டம் பார்த்து, அதன் மேல்தான் மற்றதெல்லாம் ஏறும். என் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். அவரும் கப்பலின் வயிற்றுக்குள் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். கொழுப்புக்கு ஒன்று என்று போட்டோம். வலைக்கு இரண்டு. பட்டியலின் கீழே நான் அழகான ஆங்கிலத்தில் 'நோய் பாகம் எண் இரண்டு வரை, அதாவது தடித்த உள்தோல் வரை பரவியுள்ளது' என்று விளக்கக் குறிப்பும் எழுதினேன். மாமா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பிரமாதம் மாப்பிள்ளை, இப்பத்தான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு" என்று என் தோளில் தட்டினார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தட்டிக்கொடுத்தது அதுதான் முதல்முறை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நான் தொடவே இல்லை. அது முழுக்க அளவுகள். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே என்று எங்கள் தொழிலில் அட்டவணைகளை அப்படியே விட்டுவிடுவோம். இங்கே நான் ஒரு படி மேலே போய், அந்தப் பக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா பட்டியலைப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு உங்கள் அக்காவை மட்டும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு எங்களை வெளியே உட்காரச் சொன்னார். நான் வெளியே மாமாவிடம், "பட்டியல் ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, யார் போட்டது என்று விசாரிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த உங்கள் அக்காவின் முகத்தில் பட்டியல் பிடித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆழமாகப் போயிருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறாராம். ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். கனம் எத்தனை மில்லிமீட்டர் என்கிற அளவு இதில் இல்லை, அதையும் கொண்டு வரச் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அவள் உங்களுக்குப் போன் செய்தாள்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி நான் கிண்டலாக எழுத முடியாது, மச்சான். வெட்டிய இடத்தில் மருந்து போட்டுப் பிளாஸ்திரி மாற்றுவது ஆரம்பத்திலிருந்தே என் வேலை. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். நான் பின்னால் நின்று மாற்றுவேன். அந்தத் தோலைத் தினமும் தொட்டுக்கொண்டுதான் அகராதியில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்துப் பிரித்து மறுபடி ஒட்டினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "பேஸ் பிளேட் பக்கம் வரைக்கும் அரிச்சிருக்குன்னா மொத்தமாத்தான் கழட்டணும். பரவாயில்லை விடுங்க, ரொம்ப நாள் ஓடின மெஷின்" என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் குழாய்களுக்குத் தண்ணீரை நிறுத்தும் திருகு எங்கே இருக்கிறது, மாடிக் கதவு எந்தப் பக்கம் தூக்கினால் பூட்டும் என்பதையெல்லாம் காட்டிக் கொடுத்தார். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் உங்கள் பழைய அறையை அவரே கூட்டித் துடைத்தார். ஜன்னல் கொக்கியை மாற்றினார். காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொண்டார். நாங்கள் அழுதுகொண்டிருந்தோம், நோயாளி சீட்டியடித்துக்கொண்டிருந்தார். உங்கள் அக்கா, "அப்பா நமக்காகத் தைரியமா இருக்கிற மாதிரி நடிக்கிறாரு" என்று சொல்லி இன்னும் அழுதாள்.

அளவுப் பக்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டு மறுபடியும் போனோம். டாக்டரம்மா அதில் ஒரு எண்ணைப் பார்த்தார், என் பட்டியலைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். "கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லையே. இவ்வளவு மெல்லிசா இருக்கிறது எப்படி அவ்வளவு கீழே போகும்? மூல அறிக்கையில என்ன போட்டிருக்குன்னு அப்படியே வாசிங்க" என்றார். வாசித்தேன். எடுத்துப் போட்டிருந்த அந்த டாக்டர் பெயரோடு சேர்த்து வாசித்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இந்தப் பட்டியல்ல நம்பர் போட்டது யாரு?"

"நாங்கதான்" என்றார் மாமா. அவர் குரலில் அப்போதும் பெருமை இருந்தது.

"தோலுக்கு மேலேருந்து எண்ணணும்ங்க. வெளியில இருக்கிற மேல்தோல் மொத்தமும் சேர்ந்துதான் ஒண்ணு. நீங்க தலைகீழாப் போட்டிருக்கீங்க."

"அது எப்படிம்மா? அடியிலேருந்து எண்ணாம எப்படி அசெம்பிள் பண்ணுவீங்க?"

"நாங்க அசெம்பிள் பண்றதில்லைங்க. பிரிக்கிறது மட்டும்தான்."

மாமா அதை யோசித்துப் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். நான் நாற்காலிக்குள் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினேன். மேலிருந்து எண்ணினால் இரண்டு என்பது மேல்தோலைத் தாண்டி ஒரு நூலளவு உள்ளே என்றுதான் பொருளாம். வெட்டிய இடத்தின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். துறைமுகத்திலேயே முழுவதும் எடுத்தாகிவிட்டது. சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து முதுகைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார். உங்கள் அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை என் கொம்பு, முள், மொட்டு, வலை எல்லாவற்றையும் தாண்டிக் கொழுப்பு வரை போனது. அதை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஆழம்தான். வெளியே வரும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்க நல்லா எழுதறீங்க. ஆனா பம்போட நிறுத்திக்குங்க" என்று கேட்டுக்கொண்டார்.

நிறுத்திக்கொண்டேன். இனி உயிருள்ள எதையும் மொழிபெயர்ப்பதில்லை என்று உங்கள் அக்கா முன்னிலையில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் எனக்கு இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் சோறு கிடைக்கிறது. அதுவே என் யோக்கியதைக்கு அதிகம். ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பி வர வேண்டிய அவசியம் இல்லை. டிக்கெட்டைத் தாராளமாக ரத்து செய்துவிடுங்கள். மேலதிகாரியிடம், 'அப்பாவுக்குச் சரியாகிவிட்டது, அக்கா கணவருக்குத்தான் இனி சரியாகாது' என்று உண்மையைச் சொல்லி விடுப்பைத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். சௌகரியப்படும்போது, அடுத்த லீவிலோ அதற்கடுத்த லீவிலோ, நிதானமாக வரலாம். இவ்வளவு தூரத்தில் உங்களைப் பதறவைத்த குற்றத்துக்கு நேரில் மன்னிப்புக் கேட்கும் வரை இந்தக் கடிதத்தையே என் கும்பிடாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் மனைவிக்கு என் அன்பையும் குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், என்னைப் போன்றவர்களின் உதவி தேவைப்படாத ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கும்,

தங்கள் அக்காவின் கணவன்,
பம்புகள் மட்டும்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் மாமா வந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொம்பு வந்த இடத்தில் சிரித்தார். டாக்டரம்மா சொன்னதற்கும் சிரித்தார். டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்ற இடம் வந்ததும், "அதுவும் சரிதான், பாவம், அவனுக்கு அங்கே ஆயிரம் வேலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மின்விசிறிப் பாகங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, உங்கள் அக்கா காதில் விழாதபடி கேட்டார்: "மாப்பிள்ளை, அடியிலேருந்து எண்ணறதும் ஒரு முறைதானே?" ஆமாம் என்றேன். "அந்தக் கணக்குப்படி பார்த்தா நான் இன்னும் சீரியஸ்தானே?" நான் உறையை ஒட்டாமல் கீழே வைத்தேன். "அப்போ அந்தக் கணக்கையே அவனுக்கு எழுதிடுங்களேன்" என்றார். ஆகவே மச்சான், மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். அப்பா சீரியஸ். உடனே புறப்பட்டு வரவும்.